டிராகனுக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்!)

அன்பர்களே,
சிறுவர் கலைக்களஞ்சியத்தில் கதை விலங்குகள் பகுதியை மொழிபெயர்க்கிறேன். யூனிகார்ன் ஒற்றைக்கொம்பன் ஆகிவிட்டது. டிராகனில் மாட்டிக்கொண்டேன். ஒரே பக்கத்தில் இரண்டு வருகின்றன. புனித ஜார்ஜ் குத்திக் கொன்றது சிறகுள்ளது, தீ கக்குவது. சீனத்து லோங் பெரும்பாலும் சிறகில்லாமலே பறக்கும், மழை தரும், மான்கொம்பும் கெண்டைச் செதிலும் அதற்கு உண்டு. இரண்டுக்கும் பொருந்தும் சொல் வேண்டும். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது.
— மொ.

யாளி இருக்கக் கவலை ஏன்? "ஆளி நன்மான் அணங்குடைக் குருளை" என்று பொருநராற்றுப்படை கரிகாலனுக்கே உவமை சொல்கிறதே.
— ந.

ந. ஐயா, அந்தக் குருளை பால்குடி மறக்கும் முன்பே களிற்றை அடிக்கிறது. பால் குடிக்கிற விலங்கு! கோயில் தூணில் பாருங்கள்: சிங்க உடல், பலவற்றில் துதிக்கை. செதிலும் இல்லை, தீயும் இல்லை. யாளியை இங்கே செலவழித்தால் நாளை யாளிக்கே சொல் தேட வேண்டும். விவிலியத்தில் 'வலுசர்ப்பம்' இருக்கிறது: சிவப்பு நிறம், ஏழு தலை, பத்துக் கொம்பு. அதை எடுத்தால் என்ன?
— செ.

அது சாத்தான் அம்மா. சீனப் பேரரசரின் அங்கியில் சாத்தானையா தைப்பது? சர்ப்பம் வடசொல் வேறு. வேருக்குப் போவோம். கிரேக்க 'திராகோன்', பார்த்தல் என்னும் வினையிலிருந்து வந்தது என்பார்கள். நம் பாம்புக்கோ கட்செவி என்றே பெயர், கண்ணே காது. ஆகவே 'பெருங்கட்செவி'.
— இரா.

ஆறாம் வகுப்பில் பெருங்கட்செவி என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் பெரிய காது வைத்து யானை வரைந்தார்கள். டிராகன் என்றதும் வகுப்பே கை தூக்கியது. பழக்கடையில் டிராகன் பழம் விற்கிறது, ஐயா.
— வ.

டகரம் மொழிக்கு முதலில் வராது. 'இடிராகன்' என்றாவது எழுதுங்கள்.
— இரா.

> இடிராகன்
மழை தருகிற சீனத்துக்குப் பொருத்தம்தான், இடியும் சேர்ந்து வரட்டும். அப்புறம் டீக்கடை இடீக்கடை ஆகுமா?
— செ.

தொல்காப்பியத்தைக் கிண்டல் செய்ய வேண்டாம்.
— இரா.

பார்வை என்றதும் மணிமேகலை நினைவு வந்தது. இராகுலன் பார்வையாலேயே கொல்லும் திட்டிவிடம் என்னும் பாம்பால் மாண்டான் அல்லவா? திட்டி, திருஷ்டி, அந்த வடமொழி வேரும் கிரேக்க வேரும் ஒரே குடும்பம். டிராகன் என்பது திட்டிவிடமே!
— ந.

வேர் சரி ஐயா, விலங்கு தவறு. நோக்கியே கொல்வது பசிலிஸ்க். அதுவும் அடுத்த பக்கத்தில் சொல்லில்லாமல்தான் கிடக்கிறது. 'திட்டிவிடம்' அதற்கு எடுத்துக்கொள்கிறேன், நன்றி.
— மொ.

ஐரோப்பியத்துக்கு 'அழல்நாகம்', சீனத்துக்கு 'முகில்நாகம்'?
— செ.

நாகத்துக்குக் கால் ஏது? டிராகனுக்கு நான்கு. சிறகோடு இரண்டே கால் என்றால் அது வைவர்ன் என்று தனியே வைத்திருக்கிறார்கள்.
— வ.

சரி, பக்கம் மூடுகிறேன். உரையில் 'டிராகன்'. படத்தின் கீழ் மட்டும் அழல்நாகம், முகில்நாகம். கால்களை யாரும் எண்ண வேண்டாம்.
— மொ.

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஓர் 'இ' போட அச்சில் இடமில்லையா?
— இரா.