67பி வால்வெள்ளியைப் பின்னோக்கி ஓட்டினால் 1959-இல் பாதை மாற மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். 2014-இல் ரொசெட்டா விண்கலம் போய்ச் சேர்ந்த 67பி வால்வெள்ளியை ரீபவுண்ட் என்ற விண்பொருள் இயக்கக் கணிப்பு நிரலில் காலத்தில் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1959 பிப்ரவரியில் அது வியாழனை 0.05 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு) வரை நெருங்கியது, அதற்கு முன் சூரியனுக்கு 2.7 அலகுக்குக் கிட்டே வந்ததில்லை, அப்புறம்தான் 1.3-க்கு இறங்கியது என்று படித்தேன். எனக்கோ 1950-இலும் 1.4 பக்கமே நிற்கிறது. கணக்கிடும் முறை டபிள்யூஹெச்ஃபாஸ்ட், 20 நாளுக்கு ஒரு படி, தொடக்கம் 2015-இன் பாதைக் கூறுகள் (பாதையின் அளவு, வடிவம், சாய்வு சொல்லும் எண்கள்), இழுப்பவை சூரியனும் வியாழனும் மட்டும். மூன்று ராத்திரி போய்விட்டது.

பதில் 1:
சனியை விட்டுவிட்டீர்களே, அதைச் சேர்த்துப் பாருங்கள்.

பதில் 2:
சேர்க்கலாம், ஆனால் கோளாறு அங்கே இல்லை, படியில் இருக்கிறது. அவ்வளவு கிட்டே போகும்போது வியாழனைப் பொறுத்து வேகம் நொடிக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால்கூட 20 நாளில் ஒரு கோடி கிலோமீட்டர் ஓடிவிடும், நெருங்கும் தூரமே முக்கால் கோடிதான்! வியாழன் இழுக்க வேண்டிய இடத்தை உங்கள் நிரல் ஒரே எட்டில் தாண்டிவிடுகிறது. தவிர, டபிள்யூஹெச்ஃபாஸ்ட் சூரியன்தான் பெரிய இழுப்பு என்று நம்பி எழுதப்பட்டது, வியாழன் பக்கத்தில் அந்த நம்பிக்கை உடைந்துபோகும். படியைத் தானே சுருக்கிக்கொள்ளும் ஐஏஎஸ்15 முறைக்கு மாறுங்கள்.

இன்னொன்று, 2015-இலிருந்து கிளம்பாதீர்கள். சூரியனை நெருங்கும் ஒவ்வொரு முறையும் பனி ஆவியாகிப் பீறிடுவதால் வால்வெள்ளிக்குச் சின்ன உந்தல் கிடைக்கும். 1959-க்குப் பின் இதுவே ஒன்பது முறை. வந்து சேரும் நாள் கொஞ்சம் நகர்ந்தாலே சந்திப்புத் தூரம் மாறிவிடும். வால்வெள்ளியைக் கண்டுபிடித்த 1969-ஐ ஒட்டிய கூறுகளை எடுங்கள். ஓட்டி முடித்ததும் டிசராண்ட் எண்ணை (வால்வெள்ளியின் பாதையை வியாழனோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஒற்றை எண்) கணக்கிடுங்கள், சந்திப்புக்கு முந்தைய, பிந்தைய இரண்டு பாதைக்கும் 2.75 பக்கம் வர வேண்டும். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது: பாதையே அடையாளம் தெரியாமல் மாறினாலும் இந்த எண் பெரிதாக அசையாது.

கேட்டவர்:
வந்துவிட்டது! 0.06 அலகில் கடக்கிறது, அதற்கு முன் 2.6. டிசராண்ட் 2.76. மிக்க நன்றி அண்ணா. அப்படியே 1840-க்குப் போகலாமா? அப்போதும் வியாழன்தான் 4-லிருந்து 3-க்கு இறக்கியதாமே.

பதில் 2:
போகலாம், ஆனால் ஒற்றை ஓட்டத்தை நம்பாதீர்கள் தம்பி. 1959 சந்திப்பைத் தாண்டியதும் துளிப் பிழையும் ஊதிப் பெரிதாகும். தொடக்கக் கூறுகளை இம்மி இம்மியாக மாற்றி நூறு நகல் ஓட்டுங்கள், எத்தனை ஒன்றாகப் போகின்றன, எந்த ஆண்டில் சிதறுகின்றன என்று பார்த்துவிட்டு வரைபடத்தைப் போடுங்கள்.