கூட்டத்தில் நம்மோடு உட்கார்ந்திருந்தவர்கள்: பார்த்ததை எழுதுங்கள்

செந்தூல்காரன்:

மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் அமைப்பு கோலாலம்பூரில் நடத்திய 2007 நவம்பர் 25 பேரணிக்குப் போனவர்கள், நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே ஊர்வலத்தில் நடந்தவர்கள், வீட்டை உடைக்க வந்தபோது கமிட்டி போட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நம்மைக் கவனிக்கப் போலீஸ் அனுப்பிய ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர் வேண்டாம், ஊர் போதும்.

என் பங்குக்கு நான். பேரணிக்கு முன்னால் எங்கள் பக்கம் மண்டபத்தில் விளக்கக் கூட்டங்கள் நடக்கும். ஒரு மனிதர் தவறாமல் வருவார். கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய நாற்காலி. அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பேச்சு சூடு பிடித்து மண்டபமே கைதட்டும்போது அவர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். எதற்கு வந்த ஆள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுண்டல் கொடுக்கும் அக்கா அவருக்கும் நீட்டி, "இதையும் எழுதிக்குங்க சார்" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அவரைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. டிசம்பர் 13 அன்று ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது, அமைச்சர் கையெழுத்து போதும். அதற்கப்புறம்தான் கடைசி வரிசைக்காரரை மறந்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தோம்.

ஜெலுத்தோங் அக்கா:

நான் பினாங்கு. எங்கள் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த சமயம். கமிட்டி கூடுவது என் வீட்டு அடுப்பங்கரையில்தான், ஹாலில் மாமியார் சீரியல் பார்ப்பார். ஒருநாள் மனு கொடுக்கும் தேதியைத் தள்ளிப்போடலாமா என்று பேசினோம். பேசியதோடு சரி, எங்கும் எழுதி வைக்கவில்லை.

கொஞ்ச நாளில் போலீசில் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நான் எழுந்து கிளம்பும்போது, "தேதியை மாத்துறீங்களாமே மேடம்? அன்னைக்கு நெத்திலி சம்பல் ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்றார். நான் சம்பல் வைத்தது உண்மை.

வீட்டுக்கு வந்து கமிட்டியிடம் சொன்னேன். பேச்சு நேராக ஒரு பையன் மேல் போய் நின்றது. வேன் வைத்திருந்தான், ஃபோட்டோஸ்டாட் எடுப்பது, பெரியவர்களை ஏற்றி இறக்குவது எல்லாம் அவன்தான். "வேலை வெட்டி இல்லாதவனுக்கு எண்ணெய் ஊத்தக் காசு எங்கிருந்து வருது?" என்று ஒருவர் அவன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அவன் அதோடு வரவில்லை. அவன்தானா, கேட்டவர்தானா, இன்றுவரை தெரியாது. அவன் போன பிறகு நோட்டீஸ் ஒட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கிராணி:

அக்கா, அந்தச் சம்பல் பேச்சு வாய்தவறி வந்தது மாதிரி எனக்குத் தெரியவில்லை. நான் கோலாலம்பூரில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி (குமாஸ்தா), இந்த விஷயமாகக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 1956இல் கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்து கோயின்டெல்ப்ரோ என்று ஒரு ரகசியத் திட்டம் தொடங்கி, பிறகு கறுப்பின மக்களின் உரிமை இயக்கங்கள் மேலும் பாய்ந்தது. 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவில் மீடியா என்ற ஊரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் சிலர் புகுந்து, கோப்புகளை அள்ளிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய பிறகுதான் குட்டு உடைந்தது. அதில் ஒரு தாள் என்ன சொல்கிறது தெரியுமா? எதிர்ப்பாளர்களை அடிக்கடி நேரில் போய் விசாரியுங்கள், தபால் பெட்டிக்குப் பின்னால்கூட நம் ஆள் இருப்பதாக அவர்களுக்குத் தோன்ற வேண்டும் என்கிறது. தகவல் கிடைப்பது ஒரு பக்கம். ஆட்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டும், அதுவே பாதி வேலை.

சரி, கண்டுபிடித்துத் தூக்கிவிடலாமே என்றால் அதுவும் லேசில்லை. மார்ட்டின் லூதர் கிங்கைப் பக்கத்திலேயே நின்று படம் எடுத்த எர்னஸ்ட் விதர்ஸ், எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தவர் என்பது அவர் இறந்து மூன்று வருடம் கழித்து 2010இல்தான் வெளிவந்தது. இந்த மண்ணிலேயே, மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் தெக் பிரிட்டிஷ்காரர்களின் ஆளாக இருந்தார். 1947இல் கட்சிப் பணத்தோடு ஓடும்வரை தலைமை அவர் கையில். காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களாலேயே முடியவில்லை, நம் அடுப்பங்கரைக் கமிட்டி எங்கே கண்டுபிடிக்கும்? அந்தப் பையனைச் சந்தேகப்பட்டுப் போகவிட்டிருக்கக்கூடாது அக்கா.

பட்டர்வொர்த் தம்பி:

அண்ணே, இசாதான் 2012இல் போய்விட்டதே. இன்னும் இதெல்லாம் நடக்குமா? கேட்கக் காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு சின்ன மறியலில் நின்றோம். நேற்று ஒருவர் ஃபோன் செய்து, "சும்மா ஒரு கோப்பி குடிக்க வாங்க" என்கிறார். குரல் ரொம்ப அன்பாக இருக்கிறது.

கிராணி:

இசா போனது, சொஸ்மா என்ற இன்னொரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 28 நாள்வரை உள்ளே வைக்கலாம். பாதிரியார் ரேமண்ட் கோ 2017இல் கடத்தப்பட்டதில், புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தின் சிறப்புப் பிரிவின், அதாவது உளவுப் பிரிவின், கை இருக்கிறது என்று மனித உரிமை ஆணையமான சுஹாக்காம் 2019இல் சொன்னதையும் நினைவில் வையுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. கோப்பிக்குத் தனியாகப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 111ஆம் பிரிவில் எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும், அதைக் கேளுங்கள். 112இல் வாக்குமூலம் எடுக்கும்போது, உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். கைது செய்தால் 28ஏ பிரிவில் வக்கீலைக் கூப்பிட உரிமை உண்டு. மறியலில் கூட நின்றவர்கள் யார் யார் என்று கேட்டால், வக்கீல் வந்தபிறகு பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று எனக்குத் தனிச் செய்தி போடுங்கள் தம்பி. பினாங்கில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், இன்று சாயந்தரமே பேசிவிடுகிறேன்.