குண்டு ஏன் வலது பக்கமே ஓடுது?

போன மே மாதம் எங்கள் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. மெஷினைவிட அது வந்த பெட்டிக்குத்தான் மவுசு. மூன்றாம் வகுப்பு முடித்திருந்த மகன் பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பி, "அப்பா, பின்பால் செய்யப் போறேன்" என்றான். சாய்வான பலகையில் குண்டை ஓடவிட்டுத் தடுப்புகளில் மோதவைக்கும் ஆட்டம் அது. மாலில் விளையாட்டுக் கூடத்து கார்டில் போட்ட காசு பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோன ஆதங்கம் அவனுக்கு.

அட்டை ஒரு பக்கமாக மடித்தால் நேராக மடிகிறது, இன்னொரு பக்கமாக மடித்தால் கோணல்மாணலாக நசுங்குகிறது. ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக இன்னொரு தாள். "உள்ளே தகரக் கூரை மாதிரி இருக்குப்பா." அலை படுத்திருக்கும்படி வெட்டிய கால்கள் துவண்டன, நிற்கும்படி வெட்டியவை பலகையைத் தாங்கின. நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம் கோலிக்குண்டு. பலகையின் தலைமாட்டில் இரண்டு புத்தகம் வைத்தால் குண்டு நிதானமாக இறங்கியது, மூன்று வைத்தால் பிடிக்க முடியாத வேகம். ஆனால் எப்படி விட்டாலும் வலது பக்கமே ஓடியது. தடுப்பை மாற்றி ஒட்டினான், ரப்பர் பேண்டை மாற்றினான், ம்ஹூம். மூன்றாம் நாள் எரிச்சலில் பலகையை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தான். இப்போது குண்டு இடது பக்கம் ஓடியது! பலகையில் கோளாறு இல்லை, எங்கள் வீட்டு மொசைக் தரைதான் கழுவிவிட்ட தண்ணீர் போக வாசல் பக்கம் சரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கும் எனக்கே அது தெரியாது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ராத்திரி அவன் தூங்கியதும் கட்டரை எடுத்து ஓட்டைகளை வட்டமாகச் செதுக்கி, தடுப்புகளை ஸ்கேல் வைத்து நேராக ஒட்டிவைத்தேன். காலையில் பார்த்துவிட்டு "நல்லா இருக்குப்பா" என்றான். இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு தடுப்பைப் பிய்த்துக் கோணலாக ஒட்டிய பிறகுதான் ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது.

உங்கள் வீட்டில் எப்படி?

*

அண்ணா, உங்கள் வீட்டில் தரை, எங்கள் வீட்டில் பகடை.

மகள் பிஸ்கட் பெட்டி அட்டையில் பரமபதம் மாதிரி ஒன்று வரைந்தாள். பாம்புக்குப் பதில் எங்கள் தெருவின் பள்ளங்கள். பகடையும் அட்டையில்தான். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வரவேண்டும் என்று கடைப் பகடையைப் பார்த்துக் கண்டுபிடித்துப் புள்ளியெல்லாம் சரியாக வைத்தாள். ஒரு விதி, தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஆனால் எல்லாருக்கும் தாயமாகவே விழுந்தது. சின்னவனுக்கு ஒரே குஷி, அவளோ "கள்ளாட்டம்" என்று அழுகை.

சரி, போட்டு எண்ணிப் பாருங்கள் என்று பழைய டைரியைக் கொடுத்தேன். 60 தடவை போட்டார்கள். ஒவ்வொரு எண்ணும் சுமார் 10 தடவை வரவேண்டும் என்றேன். 1 மட்டும் 23 தடவை. பகடையைப் பிரித்தால், ஒட்டும் மடிப்புகள் எல்லாம் 6 இருக்கும் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கனமான பக்கம் கீழே போனால் எதிரே 1 மேலே வரும். எதிர்ப்பக்கத்தில் துண்டு அட்டை ஒட்டிச் சரிசெய்தாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு வேறு கணக்கு என்று தனிச் சண்டை நடக்கிறது.

*

இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்கு 2012இல் உலகத்துக்குத் தெரியவந்த கெய்ன் மன்ராய்தான் ஞாபகத்துக்கு வருகிறான். கிழக்கு லாஸ் ஏஞ்சலீசில் அப்பாவின் கார் உதிரிபாகக் கடையில் அட்டைப் பெட்டிகளாலேயே ஒரு விளையாட்டுக் கூடம் கட்டிய 9 வயதுப் பையன். 1 டாலருக்கு 4 ஆட்டம். 2 டாலர் பாஸ் வாங்கினால் 500 ஆட்டம்! யாராவது ஜெயித்தால் இவனே பெட்டிக்குள் தவழ்ந்துபோய்ப் பரிசுச் சீட்டை வெளியே தள்ளுவான். பாஸ் போலியா என்று பார்க்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கால்குலேட்டர். பாஸில் உள்ள எண்ணைப் போட்டு வர்க்கமூலப் பொத்தானை அழுத்தினால் சரிபார்க்கும் எண் வந்துவிடும். அது வர்க்கமூலம் என்று அவனுக்குத் தெரியாது, 'டிக்' குறி என்று நினைத்திருந்தான்.

என் பையன் எங்கள் காலனியில் ஆட்டத்துக்கு 2 ரூபாய் வைத்தான். காசு இல்லாதவர்களுக்குக் கடன் நோட்டு. வாரக் கடைசியில் வசூல் ஆகாமல், கடன்காரர்களையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். யாரிடம் கற்றானோ!

*

சார், அந்தக் கால்குலேட்டர் விஷயத்தைப் பின்பால் செய்த என் மகனிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. என் போனை வாங்கி 9 போட்டு அழுத்தினான், 3 வந்தது. 16க்கு 4. "ஓ, இவ்வளவுதானா" என்று தன் பாஸுக்கு 10ஐத் தேர்ந்தெடுத்தான். 3.16227766 என்று வால் நீண்டுகொண்டே போகிறது. பாஸ் அட்டையில் எழுத இடம் போதவில்லையாம், இப்போது ஃபிரிட்ஜ் எப்போது மாற்றுவோம் என்று கேட்கிறான்.