மூணு நாள் ‘பென்டிங்’: பில்லிங் சாஃப்ட்வேர்ல டொமைன் வெரிஃபை பண்ணின அனுபவம்

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் எங்களுக்குச் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். சித்திரைத் திருவிழா சமயம் சேலத்துக் கடைக்காரர் போன் பண்ணி, "சரக்கு வந்துருச்சு, பில் வரலையே"ன்னார். பாத்தா சாஃப்ட்வேர்ல இருந்து போன இன்வாய்ஸ் மெயில் எல்லாம் ஸ்பாம்ல கிடக்கு. 2024 பிப்ரவரியில இருந்து கூகுளும் யாஹூவும் இதுல கெடுபிடி. எஸ்பிஎஃப் (நம்ம பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதின்னு சொல்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயில்ல சேர்ற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டுல ஒண்ணாவது சரியா இருக்கணும். ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல போனா டிமார்க்கும் (அந்தச் சோதனையில தேறாத மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற விதி) சேர்த்து மூணும் வேணும்.

டொமைன் (கடையோட இணையப் பேரு) எங்களுதுதான்னு காட்ட ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு, டிகேஐஎம்முக்கு ரெண்டு சிநேம் ரெக்கார்டு சாஃப்ட்வேர்காரங்க கொடுத்தாங்க. ரெக்கார்டுன்னா டிஎன்எஸ்ங்கிற இணைய முகவரிப் பட்டியல்ல நம்ம டொமைனுக்குச் சேர்க்கிற வரி. டொமைன் வாங்கின இடத்துல போட்டேன். மூணு நாளா ‘பென்டிங்’. டிஎன்எஸ் பரவ நேரமாகும்னு சொன்னதை நம்பிக் காத்திருந்ததுதான் தப்பு. வெப்சைட் செஞ்ச தம்பி நேம்சர்வரை (இந்த ரெக்கார்டெல்லாம் வச்சிருக்கிற சர்வர்) எப்பவோ ஹோஸ்டிங் பக்கம் மாத்தியிருக்கார். நேம்சர்வர் எங்க இருக்கோ அங்க போட்டாத்தான் ரெக்கார்டு வேலை செய்யும். நான் போட்டதை உலகத்துல யாருமே பாக்கலை.

அந்த லாகின் தம்பியோட மெயில்ல. அவர் இப்ப கோயம்புத்தூர்ல வேலை. நல்ல மனுஷன், ராத்திரி பத்து மணிக்கு ஓடிபி சொன்னார். நம்பர் மாத்திப் போயிருந்தார்னா? கடைப் பத்திரம் அப்பா பீரோவுல இருக்கு, கடைப் பேரு இன்னொருத்தர் மெயில்ல இருந்திருக்கு. நினைச்சா இன்னும் பதறுது. மறுநாளே எங்க மெயிலுக்கு மாத்திட்டோம்.

திருமங்கலத்திலிருந்து ஒரு உறுப்பினர்:
எங்க அரிசி மில்லுக்கு வேற மாதிரி. ஹோஸ்ட் கட்டத்துல முழுப் பேரையும் ஒட்டினேன். பேனல் தானா டொமைன் பேரைப் பின்னால சேர்க்கும்னு தெரியாது. பேர் ரெண்டு தடவை வந்து நின்னுது. முன்பகுதியை மட்டும் வச்சதும் அரை மணி நேரத்துல பச்சை டிக். அண்ணே, உங்ககிட்ட எஸ்பிஎஃப் ஒண்ணுதானே இருக்கு? ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது.

பதிவிட்டவர்:
நீங்க கேட்டப்புறம் பாத்தேன் தம்பி, ரெண்டு இருந்துச்சு! ஆபீஸ் மெயிலுக்குப் பழசு ஒண்ணு, இது ஒண்ணு. ரெண்டுலயும் இருந்த இன்க்ளூடை (வேற சர்வீஸோட பட்டியலைச் சேர்க்கிற பகுதி) ஒரே வரியில சேர்த்துட்டேன். உள்ள போய்த் தேடுற டிஎன்எஸ் லுக்கப் 10-ஐத் தாண்டக் கூடாதாம், எண்ணிப் பாத்துக்கிட்டேன். சேலத்துக்காரருக்கு இன்பாக்ஸ்லயே பில் போயிருச்சு.

டிமார்க்கை இப்போதைக்கு எதையும் தடுக்காத ‘நன்’ல (none) வச்சிருக்கேன். தினமும் வர்ற ரிப்போர்ட்ல தெரியாத ஒரு ஐபி (சர்வரோட எண் முகவரி) எங்க பேர்ல மெயில் அனுப்புது. விசாரிச்சா நம்ம சம்பளச் சீட்டு அனுப்புற சாஃப்ட்வேர். அதையும் வெரிஃபை பண்ணாம ‘ரிஜெக்ட்’டுக்கு மாத்தினா பசங்களுக்குச் சீட்டு போய்ச் சேராது. இந்த வாரம் அந்த வேலைதான்.