எஸ்விஜி இருக்கை வரைபடத்தில் எந்த எலிமென்ட் க்ளிக் ஆனது?

கேள்வி: தியேட்டர் சீட் ப்ளானை எஸ்விஜியில் (வெப் பக்கத்தில் கோடு, வடிவங்களால் படம் வரையும் முறை) செய்திருக்கிறேன். ஒரே சிம்பலை (ஒருமுறை வரைந்து வைத்த வடிவம்) 'யூஸ்' (அதை மறுபடி காட்டும் எலிமென்ட்) வைத்துப் பல இடங்களில் போட்டிருக்கிறேன். எண் மேல் தட்டினால் டார்கெட்டாக (தட்டலை வாங்கிய எலிமென்டாக) டெக்ஸ்ட் வருகிறது. வெறும் கோடாக உள்ள பாக்ஸின் நடுவில் தட்டினால் ஒன்றுமே வருவதில்லை. இருக்கையின் ஐடியை எப்படி எடுப்பது?

பதில் 1: இரண்டும் பாயின்டர்-ஈவென்ட்ஸ் (ஒரு வடிவம் தட்டலை வாங்குமா என்று சொல்லும் சிஎஸ்எஸ் பண்பு) சமாச்சாரம். இதன் இயல்பு மதிப்பு 'ஆட்டோ'; எஸ்விஜியில் அது 'விசிபிள்பெயின்டட்' போலவே நடக்கும், அதாவது பெயின்ட் ஆன இடம் மட்டுமே தட்டலை வாங்கும். ஃபில் (உள்நிறம்) 'நன்' என்றால் உள்பகுதி வெறும் ஓட்டைதான். பாயின்டர்-ஈவென்ட்ஸ் மதிப்பாக பாக்ஸுக்கு 'ஆல்' கொடுங்கள், எண்ணுக்கு 'நன்'. சிம்பலுக்குள் இருக்கும் பாத் (வடிவத்தை வரையும் எலிமென்ட்) எப்படியும் டார்கெட்டாக வராது. இப்போதைய பிரவுசர்கள் 'யூஸ்' எலிமென்டையே தரும். ஐடியை அதில் டேட்டா ஆட்ரிப்யூட்டாக வையுங்கள். ஐடியை வெளியே சுற்றியுள்ள குரூப்பில் வைத்திருந்தால் டார்கெட்டிலிருந்து 'க்ளோசெஸ்ட்' மெத்தட் போட்டு மேலே ஏறிப் பிடிக்கலாம்.

பதில் 2: ஒன்றன்மேல் ஒன்றாக வடிவங்கள் இருந்தால் 'எலிமென்ட்ஸ்ஃப்ரம்பாயின்ட்' மெத்தட் அந்தப் புள்ளியில் தட்டலை வாங்கும் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகத் தரும். க்ளையன்ட்எக்ஸ், க்ளையன்ட்ஒய் (திரையில் தெரியும் பகுதியிலிருந்து அளந்த இடம்) கொடுங்கள். பேஜ்எக்ஸ் (முழுப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து அளந்தது) கொடுத்தால் ஸ்க்ரோல் செய்ததும் பிசகும். ஒரு புள்ளி வடிவத்துக்குள் இருக்கிறதா என்று சொல்லும் 'இஸ்பாயின்ட்இன்ஃபில்' வேறு கணக்கு: அதற்கு அந்த வடிவத்தின் சொந்த ஆயத்தொலைவு வேண்டும். 'கெட்ஸ்க்ரீன்சிடிஎம்' தரும் மேட்ரிக்ஸின் (வடிவத்தின் ஆயத்தொலைவைத் திரைக்கு மாற்றுவது) இன்வர்ஸால் புள்ளியை மாற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூமில் தப்பும். 'யூஸ்' எலிமென்டில் 'இஸ்பாயின்ட்இன்ஃபில்' மெத்தடே கிடையாது.

பதில் 3: முதலில் எஸ்விஜி ஹெச்டிஎம்எல்லுக்குள் இன்லைனாக (அதன் கோடே பக்கத்துக்குள் நேரடியாக) இருக்கிறதா என்று பாருங்கள். இமேஜ் டேகில் போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உள்ளே எட்டாது.

கேள்வி கேட்டவர்: இன்லைன்தான். எண்ணுக்கு 'நன்', பாக்ஸுக்கு 'ஆல்' போட்டதும் சரியாக வருகிறது.