மாரியில் மலையடிப் பாதையைப் பூட்டலாமா? ஜீப்காரரும் வயல்காரரும் சொல்லுங்கள்

வட்டைக்காரன் (படுவான்கரை):
மட்டக்களப்புப் படுவான்கரையில், எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் பின்னால் ஒரு செம்மண் பாதை இருக்கிறது. குளத்தோரமாகத் திரும்பி, பற்றைக்காட்டுக்குள் ஏறி மலையடி வரைக்கும் போகும். கோடையில் யார் வந்தாலும் போனாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை, வருகிற ஆட்களுக்குத் தண்ணீரும் கொடுத்து அனுப்புவோம். பிரச்சினை மாரியில்தான். ஜீப் கூட்டங்களும் பெரிய பூ (மேடுபள்ள வெட்டு) டயர் போட்ட மோட்டார் சைக்கிள்களும் அந்தச் சேற்றுக்காகவே தேடி வருகின்றன, அதுவும் டிசம்பர் விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம்.

போன மாரியில் ஏற்றத்தில் இரண்டு சில்லுத் தடமும் முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பெய்த மழைத்தண்ணீர் முழுவதும் அந்தத் தடத்தையே வாய்க்காலாகப் பிடித்து இறங்கி, கீழே இருந்த வரம்பை உடைத்து, கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நின்ற நெல்லுக்குள் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. அந்த வயல்காரர் கடனுக்கு உரம் எடுத்தவர். அவருக்கு யார் பதில் சொல்வது?

இந்தமுறை பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் பாதைக்குச் சங்கிலி போடத் தீர்மானம் எடுக்க வேண்டும் என்று கமக்கார அமைப்பில் பேச்சு நடக்கிறது. வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். மூடினால் உண்மையில் பலன் உண்டா? மூட யாருக்கு அதிகாரம்? எங்கள் உழவு இயந்திரம் போக என்ன வழி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வாவிக்கரை ஜீப்:
அண்ணன், நான் ஜீப் ஓட்டுகிறவன், எங்கள் குழுவும் மலைப்பக்கம் போகிற குழுதான். தயங்காமல் மூடுங்கள். மாரியில் அந்தப் பாதையில் ஓடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பலர் நினைப்பது போலப் பாதை கெடுவது வண்டியின் பாரத்தால் மட்டும் இல்லை. மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அது பாரத்தைத் தாங்காது, டயருக்குக் கீழிருந்து பக்கவாட்டில் பிதுங்கி ஓரத்தில் வரம்பு மாதிரி எழும்பும். அந்த வரம்பு வந்த பிறகு மழைத்தண்ணீர் பாதையை விட்டு ஓரத்துக்கு இறங்க முடியாது, தடத்தோடேயே ஓடும், ஓடுகிற வழியெல்லாம் அரிக்கும். உங்கள் வயலுக்கு வந்தது அந்தத் தண்ணீர்தான். இதில் மிக மோசமானது சில்லு நின்ற இடத்திலேயே சுழல்வது. சேற்று டயரின் பூ மண்ணைத் தோண்டி எடுத்துவிடும். டயர்க் காற்றைக் குறைத்தால் சரி என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். மேல்மண் மட்டும் இளகியிருந்தால் அது கொஞ்சம் உதவும், ஆழம் வரைக்கும் ஊறிய களிக்கு உதவாது.

இன்னொன்று, குழியைக் கண்டதும் ஓரத்தால் விலத்திப் போவது. அடுத்த வண்டி அதற்கும் ஓரத்தால் போகும். பத்தடிப் பாதை ஒரு மாரிக்குள் முப்பதடி ஆகிவிடும், ஓரத்தில் நிற்கிற பாலை மரத்தின் வேரெல்லாம் நசுங்கும்.

மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறித்தால் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், அதை நம்பக்கூடாது. ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். உடையாமல் பென்சில் மாதிரித் திரண்டு வந்தால் இன்னும் ஈரம், வண்டி போகக்கூடாது. பொடிந்து உதிர்ந்தால் போகலாம். எங்கள் குழுவில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

பட்டிக்காரன் மகன்:
எல்லோரும் மூடு மூடு என்கிறீர்கள், மாடு வளர்க்கிறவனையும் கொஞ்சம் நினையுங்கள். பெரும்போகம் விதைத்தால் வட்டைக்குள் மாடு நிற்க முடியாது. அப்போதுதான் பட்டிகளை மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல்தரைப் பக்கம் சாய்க்கிறோம். அதாவது நீங்கள் பூட்டப் பார்க்கிற அதே மாதங்களில்தான் எங்களுக்கு இந்தமாதிரிப் பாதைகள் தினமும் வேண்டும். விடியற்காலையில் பால் கறந்து, கேனைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வருகிறோம், நேரம் பிந்தினால் பால் திரைந்துவிடும். கிரான் புலிபாய்ந்தகல் பாதையில் வெள்ளம் ஏறினால் படகுக்குக் காத்து நிற்கிறோம், அது இயற்கை, பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் மனிதர் போட்ட பூட்டுக்கு முன்னால் பால் கேனோடு நிற்கச் சொன்னால் அது அநியாயம்.

விளையாட வருகிற வண்டியையும் பிழைப்புக்குப் போகிற வண்டியையும் ஒன்றாக வைத்துத் தீர்மானம் எடுக்காதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

மெல்பேர்ண் வாசி (ஊர் களுவாஞ்சிகுடி):
இங்கே விக்டோரியா மாநிலத்தில் இது வருடாவருடம் நடக்கிற காரியம். ஜூன் மாத நீண்ட விடுமுறை முடிந்ததும் மலைக்காட்டுப் பாதைகளில் ஏராளமானவற்றை வாகனங்களுக்குப் பூட்டுவார்கள், பெரும்பாலானவை அக்டோபர் கடைசி வரைக்கும் திறக்காது. இங்கே குளிர்காலம்தான் ஈரக்காலம். ஈரம் நீடித்தால் இன்னும் பிந்தியும் திறப்பார்கள். நடந்து போகிறவருக்குத் தடையில்லை. எந்தப் பாதை எந்த நாள் என்று முன்கூட்டியே வரைபடத்தோடு அறிவித்துவிடுவதால், சாரதிகள் பயணத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அறிவித்தலை நவம்பருக்கு முன்பே போடுங்கள் தம்பி. கொழும்பிலிருந்து ஆறேழு மணித்தியாலம் ஓடி வந்தவனைச் சங்கிலிக்கு முன்னால் திருப்பி அனுப்பினால் சண்டைதான் வரும்.

பொத்துவில் சாரதி:
ஒரு விஷயம் மட்டும். எல்லாப் பாதைக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள். பாணமை, ஒக்கந்தைப் பக்கம் கடலோர மணல் பாதை மழை பெய்தால் இறுகி நல்லாயிருக்கும், கோடையில்தான் சில்லு புதையும். அதே பக்கத்தில் களப்போரம் போனால் மேலே காய்ந்த பொருக்கு, கீழே கூழ், அங்கே எப்போதுமே கவனம். மண்ணைப் பார்த்துத்தான் மூட வேண்டும் தம்பி, மாதத்தை மட்டும் பார்த்து மூடினால் சரிவராது.

ஓய்வுபெற்ற டீ.ஓ. (அரச அதிகாரி, அக்கரைப்பற்று):
அதிகாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முதலில் அந்தப் பாதை யாருடையது என்று பாருங்கள். பிரதேச சபையின் வீதிப் பட்டியலில் இருந்தால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்படி அது சபையின் பொறுப்பு. ஒதுக்குக் காட்டுக்குள் போகும் துண்டு வன இலாகாவைச் சேரும். குளக்கட்டும் வாய்க்கால் ஓரமும் நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களம். ஒரே பாதை மூன்று கைக்குள்ளும் வரலாம், உங்களுடையது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கமக்கார அமைப்பு தனியாகச் சங்கிலி போட்டால் நாளைக்கு யாராவது பொலிசுக்குப் போவார்கள். கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அதைப் பிரதேச செயலாளர் ஊடாக எழுத்தில் அனுப்புங்கள்.

அடுத்தது, தயவுசெய்து சங்கிலி போடாதீர்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கழுத்தில் மாட்டும், நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு சாவு நடந்தது. குறுக்கு மரம் போட்டு, சிவப்பு வெள்ளை அடித்து, ஒளி தெறிக்கும் தாளும் ஒட்டுங்கள். ஓரத்தில் சைக்கிள் நுழைய மூன்றடி விடுங்கள், பால்காரத் தம்பிக்கு அது போதும். பெரிய டயர் மோட்டார் சைக்கிளும் அதற்குள்ளால் நுழையும்தான், அதை ஆள் நின்றுதான் மறிக்க வேண்டும். திறப்பு (சாவி) வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையிடம் ஒன்று, கிட்ட இருக்கும் வீட்டில் ஒன்று. யானை அடித்து ஒருவன் உள்ளே கிடந்தால் 1990 அம்புலன்ஸ் வண்டி வந்து பூட்டுக்கு முன்னால் நிற்கக்கூடாது.

மூடுவதால் மட்டும் பாதை திருந்தாது. ஏற்றத்தில் தடத்தைக் குறுக்கே வெட்டி, சாய்வாக மண் அணை போட்டு, தண்ணீரைக் காட்டுப்பக்கம் திருப்பிவிடுங்கள். இதை மழைக்கு முன், ஆவணி புரட்டாசியிலேயே செய்ய வேண்டும்.

வட்டைக்காரன் (படுவான்கரை):
எல்லோருக்கும் நன்றி. டீ.ஓ. ஐயா சொன்ன குறுக்கு மரத்தைத்தான் கூட்டத்தில் முன்வைக்கப் போகிறேன். எங்கள் உழவு இயந்திரங்களுக்கும் அதே உருட்டிப் பார்க்கும் சோதனை என்று சேர்க்கச் சொல்வேன், ஏனென்றால் பெட்டியில் நெல் ஏற்றிய மெசினும் தடம் போடும், அதை மறைக்க முடியாது. பட்டிக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். மகன், உங்கள் அப்பாவை ஒருமுறை வரச் சொல்லுங்கள்.

ஜீப் தம்பி, மண் அணை போடும் நாளில் உங்கள் குழுவிலிருந்து ஆட்கள் வருவார்களா? மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது.

வாவிக்கரை ஜீப்:
வருகிறோம் அண்ணன். சனிக்கிழமை என்றால் நல்லது, கல் ஏற்றுவதற்கு டபுள் கேப்பும் கொண்டு வருகிறோம். நாளைச் சொல்லுங்கள்.