ஒற்றைச் சம்பளத்தில் சென்னைக் குடித்தனம்: நம் அனுபவங்கள்

ஊரப்பாக்கம் உறுப்பினர்:

கிண்டித் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். பி.எஃப். பிடித்தம் போக மாதம் 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. நாடு முழுவதும் மாதச் சம்பளம் வாங்குவோரின் சராசரி வருமானம் 2023-24ஆம் ஆண்டில் 20,000 ரூபாயைச் சற்றே தாண்டியதாக மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வுகள் காட்டுவதால், என் சம்பளத்தைக் குறைவு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஆகியோரோடு இந்த ஒரு சம்பளத்தை நம்பியே குடித்தனம் நடத்துபவன் என்ற முறையில், அது போதவில்லை என்பதையும், எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வாடகை 9,500 ரூபாய். தண்ணீர் மோட்டாருக்கும் பராமரிப்புக்கும் 500. சைதாப்பேட்டையிலோ ஆலந்தூரிலோ இதே ஒற்றைப் படுக்கையறை வீடு என் கைக்கு எட்டாது என்பதால்தான் ரயில் பாதையை ஒட்டித் தெற்கே தள்ளித் தள்ளி வந்து ஊரப்பாக்கத்தில் குடியேறினோம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் இங்கேயும் வாடகை ஏறிவிட்டது. ரேஷன் அரிசியையும், 30 ரூபாய்த் துவரம்பருப்பையும், 25 ரூபாய்ப் பாமாயிலையும் தவறாமல் வாங்கியும் மளிகை 5,500 ஆகிறது. காய்கறி, முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கறி 3,000, நாளுக்கு ஒரு லிட்டர் ஆவின் நீல நிறப் பாக்கெட் பால் 1,200, சிலிண்டர் 700, பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 60,000 என்பதால் மாதக் கணக்கில் 5,000, மின்சாரம் ஏறத்தாழ 1,100, சீசன் டிக்கெட்டும் பெட்ரோலும் 600, கைப்பேசி ரீசார்ஜ் 600, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 1,500. கூட்டினால் 29,200 வருகிறது. துணிமணி, மருந்து, மொய், தீபாவளி எதையும் எழுதாத நிலையிலேயே மாதம் 1,200 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை ஆண்டு போனஸ் ஒருமுறை அடைக்கும், நகைக்கடன் ஒருமுறை அடைக்கும், மற்ற மாதங்களில் தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டில் அது ஏறிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகைக்கு இருப்பவர்கள் அனைவருக்கும் இது பொது. நாங்கள் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் அளவில் பயன்படுத்துகிறோம். மின்வாரிய இணைப்பு எங்கள் பயன்பாட்டுக்கென்றே தனியாக இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம் போக, கட்டணம் ஐந்நூறு ரூபாய்கூட வராது. எங்களுக்கு இருப்பதோ வீட்டு உரிமையாளர் வைத்த துணை மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 2,160 ரூபாய் கொடுக்கிறோம். உரிமையாளர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நான்கு குடித்தனங்களின் பயன்பாடும் ஒரே இணைப்பில் சேரும்போது கட்டண அடுக்கு மேலே போய்விடுவதால், அவர் மின்வாரியத்துக்குக் கட்டும் தொகையும் பெரிதாகத்தான் இருக்கிறது. அரசு கொடுக்கும் சலுகை நான்கு குடும்பங்களுக்கும் கிடைக்காமல் இடையில் கரைந்துபோவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி, எனக்கு மிகவும் வலித்த அனுபவம். என் மொத்தச் சம்பளம் 20,500 ரூபாயாக இருந்தவரை, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.க்கு மாதம் நூற்றைம்பது ரூபாய் அளவில் பிடிப்பார்கள். குடும்பம் முழுவதற்கும் வைத்தியச் செலவு இல்லை. சம்பளம் 22,000 ஆனதும், 2017 ஜனவரியில் வைக்கப்பட்ட 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி, நடந்துகொண்டிருந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்தவுடன் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வுக்கு வீட்டில் கேசரி செய்து கொண்டாடினோம். அடுத்த ஆண்டு என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று நள்ளிரவில் வலி தாங்க முடியாமல் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அறுவைச் சிகிச்சையோடு 85,000 ரூபாய் ஆயிற்று. அவளுடைய இரண்டு வளையல்களும் தாலிச் சங்கிலியும் அடகுக்குப் போயின. கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சம். என் வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்த வரம்புகள் நம்மைவிடத் துன்பப்படுவோருக்காக வகுக்கப்பட்டவை. அவற்றின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இருபதாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடையில் சம்பளம் வாங்கும் குடும்பத்தின் நிலையைப் பாருங்கள். உதவி பெறத் தகுதி போய்விடுகிறது. தனியார் மருத்துவமனையையும் தனியார் பள்ளியையும் தாங்கும் வலிமை வருவதில்லை. அந்தப் பத்தாயிரம் ரூபாய் இடைவெளியைக் கடக்க ஒரு சாதாரண ஊழியருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஒரு நோயோ ஒரு வேலையிழப்போ வந்துவிட்டால் குடும்பம் கடனில் இறங்கிவிடுகிறது. இதே சம்பளத்தில் குடும்பம் நடத்தும் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதினால் பலருக்கும் பயன்படும்.

பம்மல் உறுப்பினர்:

ஊரப்பாக்கம் சகோதரர் எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் தாம்பரத்தில் மெப்ஸ் என்ற ஏற்றுமதித் தொழில் வளாகத்தில் ஒரு நிறுவனத்தில் 15,000 ரூபாய்க்கு வேலை செய்கிறேன். என் கணவர் லிஃப்ட் பராமரிப்புப் பணியில் 16,500 வாங்குகிறார். இரண்டும் சேர்ந்தால் 31,500. ஊரப்பாக்கம் சகோதரரின் வருமானத்தை ஒட்டியே வருகிறது. ஆனால் இ.எஸ்.ஐ. வரம்பு ஒவ்வொரு ஊழியரின் சம்பளத்தையும் தனித்தனியே பார்ப்பதால், நாங்கள் இருவருமே அதற்குள் இருக்கிறோம். மகன் பிறந்தது கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில்தான். பிரசவத்துக்குச் செலவென்று எதுவும் இல்லை என்பதோடு, 26 வார விடுப்புக் காலத்துக்கும் முழு ஊதியம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய அதே வருமானம் ஒரே ஆளின் சம்பளமாக வந்திருந்தால் இவற்றில் ஒன்றும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே இருவர் வேலைக்குப் போவதே வழி என்று பலர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது நடப்பதற்குக் காரணம் என் மாமியார். காலை ஏழரை மணிக்கு நான் கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பிப் பல் விளக்கிவிட்டு, அங்கன்வாடிக்கு அழைத்துப் போய், மதியம் திரும்பக் கூட்டிவந்து சோறு ஊட்டுபவர் அவர்தான். சென்ற ஆண்டு அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவிடம் மாதம் 4,000 ரூபாய்க்கு விட்டோம். ஓவர்டைம் பார்க்க முடியாததால் அதில் வரும் பணமும் போயிற்று. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வேலைக்குப் போய்வர எனக்குப் பைசா செலவில்லை. இது இல்லாவிட்டால் 15,000 ரூபாய்க்கு வேலைக்குப் போவதைப் பற்றி இன்னொரு முறை யோசித்திருப்பேன்.

மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தேன். குடும்ப வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டுகிறது என்று தள்ளுபடி ஆனது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. வீட்டு வாடகையைக் கழித்த பிறகு வருமானத்தைக் கணக்கிட்டால், சொந்த வீட்டில் இருப்பவரையும் எங்களைப் போன்றவரையும் ஒரே தட்டில் வைக்க நேராது என்ற எண்ணம் மட்டும் எனக்கு உண்டு.

பெரம்பூர் உறுப்பினர்:

சகோதரி கடைசியாகச் சொன்னதற்கு நானே சாட்சி. எனக்கு 27,000 ரூபாய் சம்பளம், மனைவி வேலைக்குப் போகவில்லை, இரண்டு பிள்ளைகள். நாங்கள் இருப்பது ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற என் அப்பா கட்டிய வீடு. வாடகை இல்லை, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு அது முழுதாகத் திரும்புமா என்ற கவலை இல்லை, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறும் பேச்சும் இல்லை. மாதம் 3,000 ரூபாய் சீட்டு கட்டுகிறோம். ஊரப்பாக்கம் நண்பரைவிட நான் சிக்கனமானவன் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. எங்கள் அப்பா அந்தக் காலத்தில் மனை வாங்க முடிந்தது, அவ்வளவுதான்.

அரசுப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போதும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் ஒருவருக்கான மாதச் செலவு சராசரியாக 6,996 ரூபாய். தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 8,165. நான்கு பேர் குடும்பத்துக்கு நம் மாநிலக் கணக்கில் 32,660 ரூபாய் ஆகிறது. சொந்த வீட்டில் வாழ்பவர்களின் வீட்டுக்கு ஆகக்கூடிய வாடகை இந்தச் சராசரியில் சேர்க்கப்படுவதில்லை. என்னைப் போன்ற பல குடும்பங்களும் உள்ளடங்கிய சராசரி இது என்றால், வாடகை கொடுத்து வாழும் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஊரப்பாக்கம் உறுப்பினர்:

இருவருக்கும் நன்றி. சம்பளத்தை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிட முடியாது என்று நீங்கள் எழுதியது முழுவதும் உண்மை. எங்கள் வீட்டில் இப்போது எடுத்திருக்கும் ஒரு முடிவையும் சொல்லிவிடுகிறேன்.

மகனை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் சேர்க்கிறோம். கட்டணம் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அரசுப் பள்ளி மாணவர்களிடம் கேட்கப்படுவது ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பு என்பதால், இப்போதே மாற்றினால்தான் பலன் உண்டு. மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் அவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவள் படிக்கும் பள்ளியிலேயே தொடர்கிறாள். என் மனைவிக்கு முதலில் சம்மதமில்லை. பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்தோம். தலைமையாசிரியை எங்களை உட்காரவைத்து, அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் சிலவற்றை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். ஆங்கிலத் தாளில் ஆசிரியர் ஒவ்வொரு பிழையையும் வட்டமிட்டு, பக்கத்தில் சரியான வாக்கியத்தை எழுதியிருந்தார். வெளியே வந்ததும் மனைவி, “கழிப்பறையையும் பார்த்துட்டு வந்துடறேங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டாள்.

மாதம் 2,300 ரூபாய் இதனால் மிச்சமாகும். மாதாமாதம் விழும் துண்டு போக மீதம் 1,100 ரூபாய். அது நேராக நகைக்கடன் வட்டிக்குப் போகும். தாலிச் சங்கிலியை முதலில் மீட்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறோம். பம்மல் சகோதரியிடமும் வாடகை வீடுகளில் இருக்கும் மற்றவர்களிடமும் ஒரு கேள்வி: உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மின்வாரியத்தின் தனி இணைப்பு வாங்கியவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். எங்கள் உரிமையாளர் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.